இரண்டு ஃபைல்களில் ஒரே பதின்மூன்று எழுத்து

பெயர் ரெமிஜியஸ், தகப்பனார் பெயர் அலெக்சாண்டர், வயது 36, தொழில் கம்ப்யூட்டர் சிஸ்டம் நிர்வாகி, குடியிருப்பு பெங்களூர் தொம்மலூர் பழைய ஊருக்குள் மூன்றாவது குறுக்குத் தெரு, கதவு எண் 41. 1996-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் தேதி வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். கன்னடம் பேசுவேன், படிப்பேன், ஆனால் இந்த விஷயத்தை முன்னுக்குப் பின் மாறாமல் சொல்லத் தமிழில்தான் வரும் என்று சொன்னதால், தமிழ் எழுதத் தெரிந்த தலைமைக் காவலர் சின்னப்பா அவர்கள் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார். இன்ஸ்பெக்டர் உடன் இருக்கிறார்.

இதே வழக்கில் செப்டம்பர் 19-ஆம் தேதி நான் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில், ஒருவருடைய பாஸ்வேர்ட் அவருக்கு மட்டும்தான் தெரியும், சிஸ்டத்துக்கே கூடத் தெரியாது, ஆகையால் ஜோசஃபின் பெயரில் உள்ளே போனவர் ஜோசஃபின்தான் அல்லது அவர் வாயால் கேட்டவர்தான் என்று சொன்னேன். அந்த ஒரு வரியை வைத்துத்தான் மறுநாள் அந்தப் பெண்ணைக் கைது செய்தீர்கள். அந்த வரி தப்பு என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கம்பெனியின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இருப்பதால் இங்கே கம்பெனி என்றே சொல்கிறேன். மல்லேஸ்வரத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. லேப் டெக்னீஷியன் டிப்ளமா தேர்வு நடத்தும் ஒரு தனியார் வாரியத்துக்கு மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கூட்டி, மார்க் ஷீட் அச்சடித்துக் கொடுப்பது எங்களுடைய பெரிய வேலை. ஒரே ஒரு யூனிக்ஸ் சர்வர், அதிலிருந்து வயர் இழுத்துப் பதினாறு டெர்மினல்கள். 1993-இல் அந்தப் பெட்டி லாரியிலிருந்து இறங்கிய நாளிலிருந்து அதற்கு நான் ஒருவன்தான் பொறுப்பு. மேனேஜர் திரு. சீனிவாசராகவன். ஜோசஃபின் டேட்டா என்ட்ரியில் மூத்த ஆபரேட்டர், ஆறு வருட சர்வீஸ், சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் டென்சில் என்பவரின் மனைவி. என்னை அண்ணா என்று கூப்பிடுவார்.

மதிப்பெண்களை ஏற்றிச் சரிபார்த்த பிறகு பூட்டிவிடுவோம். பூட்டிய மதிப்பெண்ணைத் திருத்த வேண்டுமானால் திருத்தக் குழு என்று நான் உண்டாக்கி வைத்திருந்த குழுவுக்குள் நுழைய வேண்டும். ஜோசஃபின் அந்தக் குழுவின் நிரந்தர உறுப்பினர், அவருக்குக் கதவு தானாகத் திறக்கும். தேர்வுக் காலத்தில் மட்டும் வரும் தற்காலிகத் திருத்துநர்கள் ஏழு பேர் உண்டு. அவர்கள் முதலில் தங்கள் சொந்தப் பெயரில் உள்ளே வந்து, அதன் பிறகு குழுவின் பாஸ்வேர்டைக் கொடுத்துக் குழுவுக்குள் நுழைவார்கள். ஆகவே குழுவின் பாஸ்வேர்ட் அந்த ஏழு பேருக்கும் மேனேஜருக்கும் எனக்கும் தெரியும். யார் எதைத் திருத்தினாலும், அவர் எந்தப் பெயரில் முதலில் உள்ளே வந்தாரோ அந்தப் பெயர், நேரம், டெர்மினல் நம்பர் மூன்றும் பதிவாகும்.

செப்டம்பர் 14-ஆம் தேதி சனிக்கிழமை மதியம் 12.40-லிருந்து 1.05 வரை, பதினோராம் நம்பர் டெர்மினலிலிருந்து, ஜோசஃபின் பெயரில் பதினான்கு மாணவர்களின் மதிப்பெண்கள் மாற்றப்பட்டிருந்தன. பதினான்கும் ஃபெயிலாக இருந்தவை, பதினான்கும் பாஸ் ஆகியிருந்தன. ரத்தம் பரிசோதிக்கப் போகிற பிள்ளைகள். 17-ஆம் தேதி வாரியம் தன்னிடமிருந்த காகிதப் பட்டியலோடு ஒத்துப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. ஜோசஃபின் வழக்கமாக உட்காருவது நான்காம் நம்பர். அந்த நேரத்தில் ஆபரேட்டர்கள் பாதிப் பேர் பின்னறையில் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், யார் எங்கே இருந்தார்கள் என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் சம்பிகே ரோட்டில் டிபன் சாப்பிடப் போயிருந்தேன், அதற்கும் சாட்சி இல்லை.

பாஸ்வேர்ட் என்பது கம்ப்யூட்டருக்குள் எங்கே, எப்படி இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் இப்போது கேட்டார். இந்தக் கேள்வியை அவர் செப்டம்பரில் கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். கேட்காததில் அவர் மேல் குற்றமில்லை, சொல்ல வேண்டியவன் நான்.

சர்வரில் பாஸ்வேர்ட் ஃபைல் என்று ஒன்று உண்டு. அதில் ஆளுக்கு ஒரு வரி. முதலில் பெயர், அடுத்து பாஸ்வேர்டுக்கான இடம், அதன் பிறகு அவருடைய நம்பர், அவருடைய குழுவின் நம்பர், முழுப் பெயர் என்று போகும், நடுவில் முக்காற்புள்ளி போட்டுப் பிரித்திருக்கும். பாஸ்வேர்டுக்கான இடத்தில் பாஸ்வேர்ட் இருக்காது, அதை அரைத்து எடுத்த பதின்மூன்று எழுத்துகள் இருக்கும். அரைத்த மாவிலிருந்து மறுபடி அரிசியை எடுக்க முடியாத மாதிரி, அந்தப் பதின்மூன்றிலிருந்து பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாது. ஆள் வந்து பாஸ்வேர்டை அடித்ததும் சிஸ்டம் அதையும் அதே மாதிரி அரைத்து, ஃபைலில் இருப்பதோடு ஒத்துப் பார்க்கும், ஒத்துப்போனால் உள்ளே விடும். சிஸ்டத்துக்கே தெரியாது என்று நான் முன்பு சொன்னது இந்த அளவுக்கு உண்மை.

அரைக்கும்போது சிஸ்டம் தானாக இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ளும், அதற்கு எங்கள் தொழிலில் உப்பு என்று பெயர். அந்த இரண்டும் பதின்மூன்றின் முன்னால் நிற்கும். உப்பு ஒவ்வொரு முறையும் மாறும். ஆகவே இரண்டு பேர் தற்செயலாக ஒரே பாஸ்வேர்டை வைத்துக்கொண்டாலும், ஃபைலில் இரண்டும் வேறு வேறு பதின்மூன்றாகத்தான் தெரியும், பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. இதை யோசித்துச் செய்தவன் கெட்டிக்காரன். அவன் செய்ததைக் கெடுத்தவன் நான்.

குழுக்களுக்கு இன்னொரு ஃபைல், அதிலும் ஒரு குழுவுக்கு ஒரு வரி, அதிலும் பாஸ்வேர்டுக்கு ஓர் இடம். ஆனால் ஆளுக்குப் பாஸ்வேர்ட் வைக்கக் கட்டளை இருக்கிறது, குழுவுக்கு வைக்க எங்கள் சிஸ்டத்தில் கட்டளையே கிடையாது. செய்தவர்கள் மறந்துவிட்டார்களோ, யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்களோ தெரியாது. ஆகவே குழுவுக்குப் பாஸ்வேர்ட் வைக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். சோதனைக்கென்று ஒரு பொய்ப் பெயரை உண்டாக்கி, அதற்குக் கட்டளை மூலம் பாஸ்வேர்ட் வைத்து, அதனால் விழுந்த பதின்மூன்று எழுத்துகளைக் கையால் பிரதியெடுத்துக் குழுவின் வரியில் ஒட்டிவிடுவேன். அதன் பிறகு பொய்ப் பெயரை அழித்துவிடுவேன். இந்த வேலையைப் பெங்களூரில் எத்தனை பேருக்குச் செய்யத் தெரியும் என்ற கர்வம் எனக்கு உண்டு. பாஸ்வேர்ட் ஃபைலைக் கட்டளை இல்லாமல் நேராகத் திறந்து கை வைப்பதை ஆபரேட்டர்கள் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், எனக்கும் அது பிடிக்கும்.

இந்த இரண்டு ஃபைல்களையும் உள்ளே வந்த யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எந்தப் புரோகிராம் இன்னாருடைய வரியைக் கொடு என்று சிஸ்டத்திடம் கேட்டாலும், சிஸ்டம் எதற்கு என்று கேட்காமல் பதின்மூன்று எழுத்தோடு முழு வரியையும் எடுத்துக் கொடுத்துவிடும். இது நல்லதில்லை என்பதால், பதின்மூன்று எழுத்துகளை மட்டும் பிரித்து, நிர்வாகி தவிர யாரும் படிக்க முடியாத நிழல் ஃபைல் என்ற தனி ஃபைலில் வைக்கும் வசதி வந்துவிட்டது. அப்படிச் செய்தால், கேட்பவருக்குப் பாஸ்வேர்ட் இருக்கும் இடத்தில் எக்ஸ் என்ற ஓர் எழுத்துதான் கிடைக்கும்.

ஜூலை 7-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் அப்படி மாற்றினேன். மறுநாள் காலை பதினாறு டெர்மினல்களிலும் மதிப்பெண் புரோகிராம் ஒருவரையும் உள்ளே விடவில்லை. அந்தப் புரோகிராமை எழுதியவர் சுப்ரமணியன், 1995-இல் அமெரிக்கா போய்விட்டார். அவர் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் வேலையைச் சிஸ்டத்திடம் விடாமல், சிஸ்டத்திடம் வரியைக் கேட்டு வாங்கித் தானே ஒத்துப் பார்க்கும்படி எழுதியிருந்தார். நிழல் ஃபைல் வந்ததும் அதற்குக் கிடைத்தது வெறும் எக்ஸ். மேனேஜர் என் அறை வாசலில் நின்று, ஓடுகிற வண்டியை எதற்கய்யா கழற்றினாய் என்று எல்லோருக்கும் கேட்கச் சத்தம் போட்டார். அதன் பிறகு நான் பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன். சுப்ரமணியனின் புரோகிராமில் நாலைந்து வரிகளைத் திருத்தினால் போதும், அவர் எழுதியதெல்லாம் என்னிடமே இருந்தது. ஆனால் இவர் டாலரில் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் செய்த கோணலை நான் ஏன் நிமிர்த்த வேண்டும் என்ற வீம்பு. வேறு காரணம் இல்லை.

அதன் பிறகு ஆகஸ்ட் 12-ஆம் தேதி திங்கட்கிழமை. டைபாய்டு வந்து இரண்டு மாதம் விடுப்பில் இருந்த ஜோசஃபின் அன்று வேலைக்குத் திரும்பினார். இளைத்துப்போயிருந்தார், முடி கொட்டியிருந்ததால் தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தார். பழைய பாஸ்வேர்ட் மறந்துவிட்டது அண்ணா என்று என் அறைக்கு வந்தார். நான் அப்போது புதிதாக வந்த திருத்துநர்களுக்காகக் குழுவின் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருந்தேன். பொய்ப் பெயருக்கு ஜாஸ்மின் என்ற சொல்லோடு ஏழு என்ற எண்ணைச் சேர்த்து வைத்து, அதன் பதின்மூன்று எழுத்துகளை அப்போதுதான் குழு ஃபைலில் ஒட்டியிருந்தேன். அந்தப் பதின்மூன்றும் இன்னும் கையில் இருந்தன, பாஸ்வேர்ட் ஃபைலும் திறந்திருந்தது. ஒரே ஒட்டு. அதையே ஜோசஃபினின் வரியிலும் ஒட்டிவிட்டு, இதுதான் உன் புதுப் பாஸ்வேர்ட் என்று அந்தச் சொல்லைச் சொல்லி அனுப்பினேன். அதுவேதான் குழுவின் பாஸ்வேர்ட் என்று அவரிடம் சொல்லவில்லை. உறுப்பினர் என்பதால் அவரிடம் குழுவின் பாஸ்வேர்டை யாரும் கேட்கப்போவதில்லை, ஆகவே அவருக்குத் தெரிய வழியும் இல்லை.

கட்டளை மூலம் அதே சொல்லை அவருக்கு வைத்திருந்தாலும் சிஸ்டம் வேறு உப்பைப் போட்டிருக்கும், வேறு பதின்மூன்று விழுந்திருக்கும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நான் கையால் ஒட்டியதால் உப்போடு சேர்த்து ஒட்டினேன். அன்றிலிருந்து, இரண்டு ஃபைல்களையும் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும், குழுவின் பதின்மூன்றும் ஜோசஃபினின் பதின்மூன்றும் ஒன்று என்பது கண்ணில் படும். குழுவின் பாஸ்வேர்ட் தெரிந்தவருக்கு அப்புறம் என்ன வேண்டும்? தன் பெயரைப் பதிவில் விடாமல் ஜோசஃபினின் பெயரை விட்டுவிட்டுப் போகலாம். இந்த ஊரில் இப்போது மாலை வகுப்பில் யூனிக்ஸ் படிக்காத ஆள் குறைவு. அந்த எட்டுப் பேரில் யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் யாரையும் கைகாட்டவில்லை. என்னையும் சேர்த்தால் ஒன்பது.

ஆபரேட்டர்கள் தாங்களாகப் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை மாற்றுவார்கள், திங்கட்கிழமை மறந்துவிட்டு என்னிடம் வந்து நிற்பார்கள், ஆகவே அந்தக் கட்டளையை அவர்களுக்கு இல்லாமல் செய்துவிட்டேன். வேண்டியவர்கள் என் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஜோசஃபின் ஆகஸ்ட் 26-ஆம் தேதி அதில் பாஸ்வேர்ட் மாற்றித் தரவும் என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் வீட்டில் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். என்னவென்று கேட்டேன். வீட்டுக்காரரிடம் பேச்சுவாக்கில், எனக்கு ஆபீஸில் பூப் பேரில் பாஸ்வேர்ட் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னதாகவும், சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை என்றும் சொன்னார். நான் சிரித்தேன். உன் வீட்டுக்காரர் துணி கிழிக்கிறவர், அவர் வந்து மார்க் மாற்றப் போகிறாரா என்று கேலி செய்தேன். செப்டம்பர் 3-ஆம் தேதி மறுபடி எழுதியிருக்கிறார். மாதக் கடைசியில் ரிஜிஸ்டரில் பாக்கி இருந்தால் மேனேஜர் கேட்பார் என்பதால், இருக்கிற எல்லாக் கோரிக்கைகளுக்கும் வரிசையாக டிக் போட்டுவிடுவது என் வழக்கம். அந்த இரண்டுக்கும் என் டிக் இருக்கிறது. மாற்றவில்லை.

செப்டம்பர் 17-ஆம் தேதி விஷயம் வெடித்ததும், மற்ற எல்லோரும் ஜோசஃபினைச் சுற்றி நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் என் அறைக்குள் போய் இரண்டு ஃபைல்களையும் திறந்து பார்த்தேன். ஒட்டியது எனக்கு மறந்தே போயிருந்தது. பார்த்ததும் ஞாபகம் வந்தது. அப்போதே வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வழக்கில் அந்தப் பெண்ணின் பெயரே வந்திருக்காது. சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன், அதைவிட, மூன்று வருடமாக நான் ஊதி வைத்திருந்த என் கெட்டிக்காரத்தனம் போய்விடும் என்று பயந்தேன்.

18-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு, யாரும் வருவதற்கு முன் ஆபீஸுக்குப் போய், ஜோசஃபினின் பாஸ்வேர்டையும் குழுவின் பாஸ்வேர்டையும் வேறு வேறாக மாற்றினேன். இந்தத் தடவை ஒழுங்காக, தனித்தனி உப்போடு. யாராவது கேட்டால் பாதுகாப்புக்காக மாற்றினேன் என்று சொல்லலாம். மேனேஜர் கேட்டார், சொன்னேன், சமயோசிதமாகச் செய்தாய் என்று பாராட்டினார். 19-ஆம் தேதி நீங்கள் வந்தபோது அந்த இரண்டு ஃபைல்களிலும் பார்க்க ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் அந்த வரியைச் சொன்னேன். 20-ஆம் தேதி ஜோசஃபினைக் கைது செய்தீர்கள், 26-ஆம் தேதி ஜாமீனில் விட்டீர்கள், கம்பெனி அவரை வேலையை விட்டு நீக்கியது.

ஒன்றை மட்டும் நான் அழிக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சர்வர் முழுவதையும் டேப்பில் பிரதியெடுத்து வைப்பேன். நான்கு டேப்கள், சுற்றிச் சுற்றி வரும், ஐந்தாம் வாரம் முதல் டேப்பின் மேலேயே எழுதுவேன், பழையது போய்விடும். செப்டம்பர் 6-ஆம் தேதிப் பிரதி ஒன்றாம் டேப்பிலும், 13-ஆம் தேதிப் பிரதி இரண்டாம் டேப்பிலும் இருந்தன. இரண்டிலும் அந்த ஒரே பதின்மூன்று எழுத்து இரண்டு ஃபைல்களிலும் இருந்தது. அக்டோபர் 4-ஆம் தேதி ஒன்றாம் டேப்பின் முறை வந்தது. தெரிந்தேதான் அதை டிரைவில் ஏற்றினேன். டேப் முன்னும் பின்னும் ஓடி முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மிச்சம் இரண்டாம் டேப். அதன் முறை நாளை. நான் புதிதாக ஒரு தப்பும் செய்ய வேண்டியதில்லை, வழக்கமான என் வேலையைச் செய்தாலே போதும், ஜோசஃபினைக் காப்பாற்ற உலகத்தில் ஒன்றும் இருக்காது.

நேற்று, அக்டோபர் 9-ஆம் தேதி புதன்கிழமை, பதினொன்றரை மணிக்கு ஜோசஃபின் அடையாள அட்டையை ஒப்படைக்க ஆபீஸுக்கு வந்தார். ஆறு வருடம் கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் டெர்மினலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட்டையை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சண்டை போடுவார் என்று நினைத்தேன், போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"அண்ணா, ஸ்டேஷன்ல நீங்க சொன்னத எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும், இல்லன்னா என் வாயால கேட்டவங்கதான்னு சொல்லியிருக்கீங்க. நான் மாத்தல. என் பிள்ள மேல சத்தியமா மாத்தல. நான் சொன்னது டென்சில்கிட்ட மட்டும்தான். அப்போ அவர்தானே அண்ணா? அவர் யார்கிட்டயோ சொல்லி ஏதோ பண்ணியிருக்காரு, இல்லையா?"

டென்சிலை நீங்களும் இரண்டு நாள் இங்கே உட்கார வைத்து விசாரித்திருக்கிறீர்கள். அவர் இல்லவே இல்லை என்று சொல்லியிருக்கிறார். வீட்டிலும் அதையே சொல்லியிருக்கிறார். ஜோசஃபின் நம்பவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த ரெமிஜியஸ் அண்ணா சொன்ன பிறகு நீங்கள் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறார். பத்து நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை டென்சில் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு கே.ஜி.எஃப்-இல் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாராம். போகும்போது பிள்ளை அழுததாம். இதையெல்லாம் ஜோசஃபின் அழாமல் சொன்னார்.

அதன் பிறகு மறுபடி கேட்டார். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணா. வேற யாருக்குமே தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லல்ல? இருந்தா நான் அவர் கால்ல விழுந்து கூட்டிட்டு வந்துடுவேன்."

பாக்கலாம்மா என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. அவர் போய்விட்டார். டெர்மினல் அறை வழியாகப் போகும்போது நான்காம் நம்பர் நாற்காலியில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குக் கீபோர்டில் ஏதோ ஒரு பட்டனைக் காட்டிவிட்டுப் போனார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒருத்தியைச் சிறைக்கு அனுப்பியது போதாதென்று அவள் புருஷனையும் அவள் கையாலேயே துரத்த வைத்தவன் நான். அவளோ இன்னும் என்னிடம்தான் வந்து உண்மையைக் கேட்கிறாள்.

அதன் பிறகு ஒரு மணிக்கு, யாரும் பார்க்காதபோது இரண்டாம் டேப்பையும் ரிஜிஸ்டரையும் எடுத்து என் டிபன் பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் மனைவி லீனாவிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிரைமரி ஸ்கூல் டீச்சர், குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிந்தவள். உப்பு, பதின்மூன்று எழுத்து எதுவும் அவளுக்குப் புரியவில்லை, மற்றது புரிந்தது. சொன்னால் வேலை போய்விடுமா என்று கேட்டாள். போய்விடும், கேஸும் என் மேல் திரும்பலாம் என்றேன். பிறகு, "அப்போ காலையில எழுந்ததும் போயிடுங்க. ஆபீஸ் போயிட்டுப் போறேன்னு சொன்னீங்கன்னா மத்தியானத்துக்குள்ள உங்க மனசு மாறிடும்" என்றாள். என்னைப் பதினோரு வருடமாகத் தெரிந்தவள். அதனால்தான் ஆபீஸுக்குப் போகாமல் நேராக இங்கே வந்தேன்.

இரண்டாம் நம்பர் டேப்பை இத்துடன் ஒப்படைக்கிறேன். மேலே என் கையெழுத்தில் செப்டம்பர் 13 என்று எழுதியிருக்கும். என் ரிஜிஸ்டரையும் ஒப்படைக்கிறேன், ஜோசஃபின் எழுதிய இரண்டு இடங்களிலும் காகிதம் வைத்திருக்கிறேன். டேப்பை வேறு எந்தக் கம்பெனியின் யூனிக்ஸ் சர்வரில் வேண்டுமானாலும் ஏற்றிப் பார்க்கலாம், தெரிந்த எந்த எஞ்சினியரை வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம், நான் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை, இருக்காமல் இருப்பது நல்லது. செப்டம்பர் 20-ஆம் தேதிப் பிரதி இருக்கும் மூன்றாம் டேப் ஆபீஸில் இருக்கிறது. அதில் இருக்கும் ஜோசஃபினின் வரி இந்த டேப்பில் இருப்பதிலிருந்து மாறியிருக்கும், நிர்வாகி தவிர யாராலும் அதை மாற்ற முடியாது, ஆகவே மாற்றியவன் நான் என்பது அதிலிருந்து தெரியும். இன்றே அதையும் எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை உள்ளே போனவர் யார் என்று என்னால் சொல்ல முடியாது. ஜோசஃபினுக்கும் டென்சிலுக்கும் வெளியே குறைந்தது ஒன்பது பேர் போயிருக்க முடியும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதல் வாக்குமூலத்தை ஜோசஃபினுக்குப் படித்துக் காட்டியது போல இதையும் இன்றைக்கே அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். அப்படி ஒரு நடைமுறை இல்லை, பார்க்கலாம் என்றார். நேற்று நானும் அந்த வார்த்தையைத்தான் சொன்னேன், ஆகவே அதை நான் நம்பவில்லை, இங்கிருந்து விட்டால் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன், விடாவிட்டால் லீனா போய்ச் சொல்லுவாள் என்று சொன்னேன்.

இவ்வளவையும் எழுதிய பிறகு தலைமைக் காவலர் சின்னப்பா அவர்கள் பேனாவை நிறுத்தி, இரண்டாவது பாராவில், செப்டம்பர் 19-இல் சொன்ன வரி தப்பு என்று எழுதியிருக்கிறேன், ஞாபகக் குறைவால் தப்பாகச் சொன்னதாகச் சேர்த்துக்கொள்ளட்டுமா, உங்களுக்கு அது நல்லது என்று கேட்டார். அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். எனக்கும் ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது.

வேண்டாம், அந்த வரியைச் சொன்னபோது எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, பொய் என்றே எழுதுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்.

இதில் உள்ளவை நான் சொன்னவை, தமிழில் படித்துக் காட்டக் கேட்டேன், எல்லாம் உண்மை. செப்டம்பர் 19-ஆம் தேதி கொடுத்ததின் அடியிலும் எல்லாம் உண்மை என்று எழுதி, அதன் கீழ் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நம்ப வேண்டாம், இதை நம்புங்கள்.

(ஒப்பம்) அ. ரெமிஜியஸ்
10.10.1996, பகல் 12.20

எழுதியவர்: சின்னப்பா, தலைமைக் காவலர்